மூன்று டேப்லெட், ஒரு கார் ரேஸ்

மூன்று டேப்லெட்டிலும் ஒரே கார் ரேஸ் கேம் ஓட வேண்டும், அதுவும் ஒரே ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்து ஆடுகிற மாதிரி. கேட்டால் சாதாரண வேலையாகத்தான் தோன்றும். ஆனால் இந்த மாதிரி லோக்கல் மல்டிபிளேயர் கேம்கள் எல்லா மெஷினிலும் ஒரே வெர்ஷன் இருந்தால்தான் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். எதில் எது ஓடுமோ அதைப் போட்டுவிட்டு எழுந்து போக முடியாது. மூன்றுக்கும் பொதுவான ஒரு வெர்ஷனைத் தேடியாக வேண்டும். அந்த மூன்றிலும் இருப்பவை மூன்று ரகப் பிராசஸர்கள்.

முதலாவது எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டுப் பரணில் கிடந்த 7 இன்ச். மீடியாடெக் எம்டி8382, நான்கு கார்டெக்ஸ்-ஏ7 கோர், மாலி-400 கிராஃபிக்ஸ், 1 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 4.4. இரண்டாவது, அக்கா வீட்டுக்காரர் புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியது. இன்டெல் ஆட்டம் இசட்3745, ஆண்ட்ராய்டு 5.0. மூன்றாவது 2020-ல் ஆன்லைன் கிளாஸுக்காக வாங்கிய 10 இன்ச். ஹீலியோ பி22டி, 1920×1200 திரை, ஆண்ட்ராய்டு 10. லீவுக்கு முத்தியால்பேட்டையிலிருந்து வந்த அக்கா பிள்ளைகள் கடைசி இரண்டையும் பையில் கொண்டுவந்திருந்தார்கள்.

பெரியவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். “ரேம் கம்மி மாமா, அதான் ஓடல.” திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையிலும் அவனுக்கு அதையே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ரேம் போதவில்லை என்றால் கேம் திறக்கும், கொஞ்ச நேரம் ஓடும், பாதி ரேஸில் செத்து ஹோம் ஸ்கிரீனுக்கு வந்து நிற்கும். எங்கள் மேசையில் நடந்தது வேறு. ஒன்றில் இன்ஸ்டாலே ஆகவில்லை. ஒன்றில் தொட்டவுடன் மூடிக்கொண்டது. ஒன்றில் கேம் நன்றாக ஓடியது, ஆனால் கார் கன்னங்கரேலென்று இருந்தது. இந்த மூன்றுக்கும் ரேமுக்கும் சம்பந்தமே இல்லை.

வேலையைத் தொடங்கும் முன் பரண் டேப்லெட்டின் சார்ஜிங் போர்ட்டைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. தேவனாம்பட்டினம் பக்கத்துக் காற்று எந்த உலோகத்தையும் சும்மா விடாது. மைக்ரோ யுஎஸ்பி போர்ட்டுக்குள் பச்சை பூத்திருந்தது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிட்டதும் சார்ஜும் ஏறியது, லேப்டாப்பும் அதைக் கண்டுகொண்டது.

அப்புறம் டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, ஏடிபி (லேப்டாப்பிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை அனுப்புகிற கருவி) வழியாக ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: உனக்கு எந்த பாஷை தெரியும்? ஏடிபி ஷெல்லில் கெட்ப்ராப் கட்டளை போட்டு, சிபியு ஏபிஐ (எந்தப் பிராசஸர் ரகத்துக்கான கட்டளைகளை ஓட்டும் என்பதன் பெயர்) என்று வருகிற வரிகளைப் பார்த்தால் போதும். ஆண்ட்ராய்டு 5.0 முதல் அது ‘ஏபிஐலிஸ்ட்’ என்று ஒரே வரியாக வரும். 4.4-ல் அந்த வரி இல்லை. ‘ஏபிஐ’, ‘ஏபிஐ2’ என்று இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும். பரண் டேப்லெட் ‘ஆர்ம்இஏபிஐ-வி7ஏ’ என்றது, அதாவது 32-பிட் ஆர்ம், போன்களில் வழக்கமாக இருக்கும் பிராசஸர் ரகம். ஹீலியோ ‘ஆர்ம்64-வி8ஏ’, ‘ஆர்ம்இஏபிஐ-வி7ஏ’ இரண்டையும் சொன்னது. ஆட்டம் டேப்லெட் சொன்ன வரிசை: ‘எக்ஸ்86’ (இன்டெல்லின் பாஷை), ‘ஆர்ம்இஏபிஐ-வி7ஏ’, ‘ஆர்ம்இஏபிஐ’. இன்டெல் சிப்பில் ஆர்ம் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்த வரிசைதான் எங்களுக்குப் பெரிய தலைவலியைக் கொடுத்தது.

இசட்3745 உண்மையில் 64-பிட் சிப். ஆனால் அதில் ஏற்றப்பட்ட ஆண்ட்ராய்டு 32-பிட். விலை குறைந்த ஆர்ம் டேப்லெட்டுகளிலும் இதே கதை நிறைய உண்டு: சிப் கார்டெக்ஸ்-ஏ53, அது 64-பிட், ஆனால் ரேம் குறைவு என்பதால் கம்பெனிக்காரர்கள் 32-பிட் ஆண்ட்ராய்டைப் போட்டு விற்றிருப்பார்கள். பெட்டியின் மேல் ‘64-பிட் ஆக்டா கோர்’ என்றுதான் போட்டிருக்கும். கேமுக்குச் சிப் முக்கியமில்லை, அந்த ஆண்ட்ராய்டு எதற்காகக் கட்டப்பட்டது என்பதே முக்கியம். கம்ப்யூட்டர் கையில் இல்லை என்றால் ஐடா64 ஆப் போதும். அதில் சிபியு பக்கத்தில் ‘64-பிட் ஆர்ம்வி8, 32-பிட் மோட்’ என்று இருந்தால் விஷயம் புரிந்துவிடும். சண்டே மார்க்கெட்டில் காசு கொடுக்கும் முன் நான் பார்ப்பது இதைத்தான். கோர் எண்ணிக்கையை விற்பவரே உரக்கச் சொல்லிவிடுவார்.

இனி கேம் பக்கம். பெரியவன் தன் அம்மா போனில் இருந்த இப்போதைய வெர்ஷனை ஷேர் ஆப் ஒன்றில் ஹீலியோவுக்கு அனுப்பியிருந்தான். இன்ஸ்டால் ஆனது, தொட்டவுடன் மூடிக்கொண்டது. அந்த ஏபிகேவை எடுத்துப் பார்த்தேன். ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைலான ஏபிகே உண்மையில் ஒரு ஜிப் ஃபைல்தான். பெயரின் வாலை மாற்றினால் செவன்-ஜிப்பில் திறந்துவிடலாம். உள்ளே ‘லிப்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். கேமின் எஞ்சின் அதற்குள்தான் இருக்கும், ஒவ்வொரு பிராசஸர் ரகத்துக்கும் ஒரு உள்ஃபோல்டராக. அந்த ஃபைலில் லிப் ஃபோல்டரே இல்லை. காரணம், இப்போது பிளே ஸ்டோருக்கு டெவலப்பர்கள் கொடுப்பது ஆப் பண்டில். 2021 ஆகஸ்ட் முதல் புது ஆப்களுக்கு அது கட்டாயம். ஸ்டோர் அதைத் துண்டு துண்டாக வெட்டி, உங்கள் மெஷினின் பிராசஸருக்கும் திரைக்கும் மொழிக்கும் எது வேண்டுமோ அதை மட்டும் அனுப்புகிறது. ஷேர் ஆப் எடுத்துக் கொடுத்தது அடித் துண்டை மட்டும். எஞ்சின் இருந்த துண்டு போனிலேயே தங்கிவிட்டது.

ஹீலியோவில் பிளே ஸ்டோரிலிருந்தே நேராக இறக்கினால் அது ஓடும், ஓடியது. ஆனால் பரண் டேப்லெட்டுக்கு அந்த வெர்ஷன் ஒரு நாளும் வராது. அடித் துண்டை ஏஏபிடி கருவியில் கொடுத்து விவரம் கேட்டேன். ஓபன்ஜிஎல் இஎஸ் (கேம் கிராஃபிக்ஸ் சிப்போடு பேசுகிற முறை) தேவை என்ற இடத்தில் ஹெக்ஸில் 30000 என்று வந்தது. அதன் பொருள் 3.0. மாலி-400 ஆதரிப்பது ஓபன்ஜிஎல் இஎஸ் 2.0 வரைதான். இது டிரைவர் அப்டேட்டால் தீருகிற விஷயம் அல்ல, சிப்பே அவ்வளவுதான். புது கேம் எஞ்சின்களும் அந்தக் கதவை மூடிவிட்டன; யூனிட்டி 6-ல் இஎஸ் 2.0 கிடையாது. போதாக்குறைக்கு ஆண்ட்ராய்டு 4.4-க்கான பிளே சர்வீசஸ் அப்டேட்டையும் கூகுள் 2023 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது.

ஆக, முடிவு அந்தக் கிழட்டு டேப்லெட்டின் கையில். அதில் ஓடுகிற பழைய வெர்ஷன் எதுவோ அதுவே மூன்றுக்கும்.

பழைய வெர்ஷன் என்றதும் சின்னவன் கூகுளில் தேடி நாலைந்து தளங்களைத் திறந்துவிட்டான். எல்லாவற்றையும் மூடச் சொன்னேன். யார் கை பட்டது என்று தெரியாத ஏபிகேவைப் பிள்ளைகள் கையில் இருக்கும் மெஷினில் ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. என் ஹார்ட் டிஸ்கில் பழைய ஸ்நாப்டிராகன் போன் ஒன்றின் பேக்கப் இருந்தது. அதில் இந்த கேமின் ஏபிகேயும், கூடவே கேமின் படங்களும் மற்ற டேட்டாவும் அடங்கிய பெரிய ஓபிபி ஃபைலும் இருந்தன. லிப் ஃபோல்டரில் ஆர்ம்இஏபிஐ-வி7ஏ இருக்கிறது, இஎஸ் 2.0 போதும் என்கிறது. பரண் டேப்லெட்டில் ஏற்றினேன். ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் ஓபிபி, அதற்குள் கேமின் பேக்கேஜ் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அந்த ஃபைல். ஓபிபியின் பெயரை மாற்றக் கூடாது. அதில் வெர்ஷன் எண் இருக்கிறது. அது பொருந்தவில்லை என்றால் கேம் எப்போதோ மூடப்பட்ட சர்வரில் போய் டவுன்லோடு கேட்டு நிற்கும்.

கேம் திறந்தது. மெனு வந்தது, பாட்டு வந்தது. ரேஸ் ஆரம்பித்தால் சாலை கறுப்பு, கார் கறுப்பு, மரம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சதுரம். மேலே வானம் மட்டும் சரியாக இருந்தது. “நைட் மோடா மாமா?” என்றான் சின்னவன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். காரின் மேல் ஒட்டுகிற படங்களை, அதாவது டெக்ஸ்ச்சர்களை, கேம்காரர்கள் சுருக்கி வைப்பார்கள். கிராஃபிக்ஸ் சிப் அதைச் சுருக்கிய வடிவிலேயே வைத்துக்கொண்டு வரையும் போது விரித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு சிப் கம்பெனிக்கும் ஒரு சுருக்கு முறை இருந்தது. ஸ்நாப்டிராகனின் அட்ரினோவுக்கு ஏடிசி, பவர்விஆருக்கு பிவிஆர்டிசி, என்விடியா டெக்ராவுக்கு டிஎக்ஸ்டி. மாலி-400-க்கு ஈடிசி1 மட்டும்தான். ஒரே கேமுக்கு இப்படி நாலு விதமாகப் பொட்டலம் கட்டி, மெஷினைப் பார்த்து ஸ்டோர் அனுப்பும். என் பேக்கப் அட்ரினோ போனிலிருந்து வந்தது, ஆக உள்ளே இருந்தது ஏடிசி. மாலிக்கு அதை விரிக்கத் தெரியாது; வெறுமையாக விட்டுவிட்டது. வானம் மட்டும் தெரிந்தது ஏன் என்றால், அது சுருக்காத படமாக இருந்திருக்கும். ஓபன்ஜிஎல் இஎஸ் 3.0-ல் ஈடிசி2 கட்டாயமானதும், அப்புறம் ஏஎஸ்டிசி பரவியதும் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. எங்கள் கிழட்டு டேப்லெட் அதற்கு முந்தைய காலத்துப் பிறவி.

ஈடிசி1 பொட்டலம் வேண்டும் என்றால் மாலி-400 இருக்கிற மெஷினில் முன்பு இறக்கியது வேண்டும். யோசித்துப் பார்த்ததில் பெரியப்பாவின் கேலக்ஸி எஸ்3 நினைவுக்கு வந்தது. 2012 மாடல், எக்ஸினோஸ் 4412, கிராஃபிக்ஸ் அதே மாலி-400, கிராஃபிக்ஸ் கோர் மட்டும் நான்கு. போன் பீரோவில் இருந்தது, பேட்டரி உப்பியிருந்தது. முதுகைக் கழற்றி பேட்டரி மாற்றுகிற காலத்துப் போன் என்பதால் நல்லதாயிற்று. புதுச்சேரியில் வேறு பேட்டரி கிடைத்தது. போட்டு ஆன் செய்தால், பெரியப்பா எதையும் அழிக்கிற ஆள் இல்லை, கேம் அப்படியே இருந்தது. பேக்கேஜ் மேனேஜரிடம் ஏபிகே இருக்கும் பாதையைக் கேட்டு, ஏடிபி புல் கட்டளையில் ஏபிகேயையும் ஓபிபியையும் லேப்டாப்புக்கு இழுத்துக்கொண்டேன். ரூட் (மெஷினின் முழு அதிகாரத்தையும் திறந்துகொள்வது) எதுவும் தேவைப்படவில்லை.

பரண் டேப்லெட்டில் அட்ரினோ பதிப்பை அழித்துவிட்டு இதை ஏற்றினால் சிவப்புக் கார் சிவப்பாகவே வந்தது. மர இலைகளின் ஓரம் கொஞ்சம் பிசிறாகத் தெரிந்தது. ஈடிசி1-ல் ஒளி ஊடுருவுகிற பகுதிக்கு இடம் கிடையாது, அதைத் தனிப் படமாக வைத்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டு வேலை இந்த கேமில் அவ்வளவு நேர்த்தியாக இல்லை. பிள்ளைகள் யாரும் இலையைப் பார்க்கவில்லை. இன்னொரு லாபமும் இருந்தது: ஈடிசி1-ஐ இன்டெல்லும் படிக்கும், ஹீலியோவில் இருக்கும் பவர்விஆரும் படிக்கும். மூன்றுக்கும் பொதுவான பொட்டலம் கிடைத்துவிட்டது.

அடுத்து ஆட்டம் டேப்லெட். ஏற்றியதும் ஐகான் வந்தது, தொட்டால் கண் சிமிட்டுவதற்குள் மூடிக்கொண்டது. “இன்னா மாமா, இதுவும் குவாட் கோர்தானே?” என்றான் பெரியவன். மெஷினுக்குள் நடப்பதை வரிவரியாகக் காட்டும் லாக்கேட்டை ஓடவிட்டு மறுபடி தொட்டதில் ‘அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்’ என்று ஒரு வரி. ‘கேமின் எஞ்சின் லைப்ரரியைத் தேடினேன், கிடைக்கவில்லை’ என்று அர்த்தம். ஏபிகேக்குள் அது இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எஸ்3-ல் ஓடுகிற அதே ஃபைல்.

மறுபடி லிப் ஃபோல்டரைத் திறந்து நிதானமாகப் பார்த்தேன். ஆர்ம்இஏபிஐ-வி7ஏ உள்ஃபோல்டரில் எஞ்சின், சவுண்ட், இன்னும் இரண்டு என்று வரிசையாக ஃபைல்கள். பக்கத்தில் எக்ஸ்86 என்று ஒரு உள்ஃபோல்டர். அதற்குள் ஒரே ஒரு சின்ன ஃபைல், பெயரைப் பார்த்தால் விளம்பரம் காட்டுகிற எஸ்டிகேயுடையது, அதாவது கேமோடு சேர்த்துக் கட்டுகிற வெளியார் கருவியுடையது. விளம்பரக்காரர்கள் எல்லா பிராசஸருக்கும் லைப்ரரி கொடுத்திருக்கிறார்கள், கேம்காரர்கள் ஆர்முக்கு மட்டும். ஆண்ட்ராய்டு இன்ஸ்டால் செய்யும் போது தன் பட்டியலில் முதலில் இருப்பது எதுவோ அது ஏபிகேக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். ஆட்டம் டேப்லெட்டின் பட்டியலில் முதலில் எக்ஸ்86. ஃபோல்டரும் இருக்கிறது. சரி, இது எக்ஸ்86 ஆப் என்று முடிவுகட்டி அதற்குள் இருந்த ஒற்றை ஃபைலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது. எஞ்சின் இருக்கும் ஃபோல்டரை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த எக்ஸ்86 ஃபோல்டர் இல்லாமலே இருந்திருந்தால் கேம் முதல் தடவையே ஓடியிருக்கும், வேடிக்கை அதுதான். ஏனென்றால் இன்டெல் டேப்லெட்டுகளில் ஹௌடினி என்ற மொழிமாற்றி உள்ளேயே இருக்கும். ஆர்முக்காக எழுதிய கட்டளைகளை ஓடும் போதே எக்ஸ்86 கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. போனில் ஒருவர் இந்தியில் பேசப் பேச பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருகிற ஆள் மாதிரி. ஏபிஐ பட்டியலில் ஆர்ம் பெயர்கள் வந்தது அதனால்தான்.

ஏபிகேயை வெட்டி அந்த ஃபோல்டரை எடுத்துவிடலாம். ஆனால் ஏபிகேயில் மறுபடி டிஜிட்டல் கையெழுத்திட வேண்டும், வேண்டாத வேலை. இதற்கு நேர்வழி ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 5.0 முதல் பிஎம் இன்ஸ்டால் கட்டளையில் இரட்டைக் கோடு போட்டு ‘ஏபிஐ’ என்று ஒரு விருப்பம் கொடுக்கலாம். ஏபிகேயை டேப்லெட்டின் தற்காலிக ஃபோல்டருக்கு அனுப்பி, ஏபிஐ ஆர்ம்இஏபிஐ-வி7ஏ என்று கட்டாயப்படுத்தி இன்ஸ்டால் செய்தேன். பேக்கேஜ் விவரத்தில் ‘பிரைமரி சிபியு ஏபிஐ’ என்ற வரி முதலில் எக்ஸ்86 என்று இருந்தது இப்போது ஆர்ம்இஏபிஐ-வி7ஏ என்று மாறியிருந்தது. தொட்டேன், திறந்தது.

ஹௌடினி வழியாக ஓடுவதால் திறக்க நேரம் எடுக்கிறது, முதுகும் சூடாகிறது. ஆனால் ரேஸ் ஆரம்பித்துவிட்டால் பெரிதாகத் தடங்கல் இல்லை. வரைகிற வேலை இன்டெல்லின் சொந்த டிரைவரில் நடக்கிறது, மொழிமாற்றுவது கேமின் கணக்குப் பகுதியை மட்டும். எல்லா கேமுக்கும் இது வாய்க்காது. ஏமாற்று வேலையைத் தடுக்க மெமரியைச் சோதிக்கிற ஆன்லைன் கேம்கள் இந்த இடைத்தரகரைக் கண்டால் வெளியே தள்ளிவிடும். 2016 ஏப்ரலில் போன், டேப்லெட்டுக்கான அடுத்த ஆட்டம் சிப் திட்டங்களை இன்டெல் கைவிட்டதோடு இந்த ரகத்தின் கதை முடிந்தது. சண்டே மார்க்கெட்டில் மட்டும் இன்னும் கிடைக்கிறது.

ஹீலியோ மூன்றிலும் புதியது, அதனால் பிரச்சினை இருக்காது என்று பிள்ளைகள் நினைத்தார்கள். இன்ஸ்டால் ஆனது, ‘இது பழைய ஆண்ட்ராய்டுக்காகச் செய்யப்பட்டது’ என்று ஒரு எச்சரிக்கை, சரி சொன்னதும் திறந்தது. 32-பிட் லைப்ரரியை அது பிடிவாதம் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் வளைவில் கார் விட்டு விட்டுக் குதித்தது. 1 ஜிபி கிழவனில் இப்படி இல்லை.

இங்கே குற்றவாளி திரை. 1920×1200 என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறத்தாழ 23 லட்சம் புள்ளிகள். ஹீலியோ பி22டி-யில் இருக்கும் பவர்விஆர் ஜிஇ8320 ஒரு சிக்கன கிராஃபிக்ஸ் சிப். போதாததற்கு, பழைய கேம்கள் தங்களுக்குத் தெரிந்த கிராஃபிக்ஸ் சிப் பெயர்ப் பட்டியலை வைத்துத்தான் தரத்தைத் தீர்மானிக்கும். பின்னாளில் வந்த பெயர் அதில் இருக்காது. இது எல்லா அலங்காரத்தையும் அள்ளிப் போட்டிருந்தது. கேமுக்குள் தரத்தைக் குறைக்க செட்டிங் இல்லை. ஏடிபி ஷெல்லில் டபிள்யூஎம் சைஸ் கட்டளையால் திரையின் அளவை 1280×800 என்று சொல்லி, டென்சிட்டியையும் அதே விகிதத்தில் குறைத்தேன். புள்ளிகள் பத்து லட்சத்துச் சொச்சமாக இறங்கின. கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. எழுத்து கொஞ்சம் மங்கல்தான். விளையாடி முடிந்ததும் அதே கட்டளையில் ‘ரீசெட்’ கொடுத்தால் பழையபடி ஆகிவிடும். இதற்கும் ரூட் வேண்டாம். இந்த ஒரு வித்தையைத் தெரிந்துகொண்டாலே பெரிய திரை, சின்ன சிப் ரக டேப்லெட்டுகள் பலவற்றை ஆட்டத்துக்குத் தேற்றிவிடலாம்.

நடுவில் அக்கா வந்து, “என் போன்லயும் போட்டுக் கொடுடா, நானும் ஓட்டறேன்” என்றாள். அவளிடம் இருப்பது பிக்சல் 7, ஆண்ட்ராய்டு 14. மூன்றைவிடவும் பல மடங்கு பலசாலி. தொடக்கத்திலேயே மறுத்தது. ஆண்ட்ராய்டு 14, டார்கெட் எஸ்டிகே (எந்த ஆண்ட்ராய்டுக்காகச் செய்தது என்று ஆப்பில் குறித்திருக்கும் எண்) 23-க்குக் கீழே உள்ள ஆப்களை இன்ஸ்டால் செய்ய விடாது. 15-ல் அது 24 ஆகிவிட்டது. ஏடிபியில் அந்தத் தடையைத் தாண்ட ஒரு விருப்பம் உண்டு, கொடுத்தேன். அடுத்த சுவர்: ‘நோ மேட்சிங் ஏபிஐஸ்’, எண் மைனஸ் 113. பிக்சல் 7 64-பிட் ஆப்களை மட்டுமே ஓட்டும் போன். நம் ஏபிகேயில் 64-பிட் ஃபோல்டரே கிடையாது. 2019 ஆகஸ்டிலிருந்து பிளே ஸ்டோர் 64-பிட் பதிப்பும் வேண்டும் என்று கேட்டது. இந்த கேம் அதற்கு வெகு முந்தையது. இதற்கு எந்தக் கட்டளையும் உதவாது.

“இவ்ளோ காசு போட்டு வாங்குனது இதுக்குக்கூட ஆவாதா?” என்று கேட்டுவிட்டு பெரியப்பாவின் எஸ்3-ஐ எடுத்துக்கொண்டாள். அதில் எதையும் ஏற்ற வேண்டியதே இல்லை.

ஹாட்ஸ்பாட்டை எதில் வைப்பது என்பதில் சின்னச் சிக்கல். வீட்டு வைஃபையில் கனெக்ட் செய்தால் இணையம் வருகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. ரௌட்டரில் ஏபி ஐசொலேஷன், அதாவது மெஷின்களை ஒன்றையொன்று பார்க்க விடாத செட்டிங், ஆன் ஆகியிருந்தது. அதை நோண்டாமல் பிக்சலில் ஹாட்ஸ்பாட் போட்டு, நான்கையும் அதில் சேர்த்தேன், 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்தால்தான் பரண் டேப்லெட்டுக்குத் தெரிகிறது. கேமில் ரூம் திறக்கிற வேலையை ஹீலியோவுக்குக் கொடுத்தேன். ஆட்டம் டேப்லெட்டில் ரூம் திறந்தால் ஹௌடினிச் சுமையில் மற்றவர்களின் கார்கள் பின்னுக்கு இழுபட்டன. ஹீலியோவில் திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆட்டம் டேப்லெட்டை மட்டும் இரண்டு மூன்று ரேஸுக்கு ஒரு தடவை ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் வைக்க வேண்டியிருக்கிறது. முதுகு மூடியைக் கழற்றிப் பேட்டரியைப் பார்க்கும் வேலை இன்னும் பாக்கி.